யூரோ 2004: விட்டோர் பயீயாவை ஸ்கோலாரி கழற்றிவிட்டது சரியா?

வலைக்காவலன்:

2004 மே 26, கெல்சன்கிர்ஷன். போர்ட்டோ 3, மொனாக்கோ 0. சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கிய அணியின் கோல்கீப்பர் விட்டோர் பயீயா. 17 நாள் கழித்து, ஜூன் 12ஆம் தேதி, போர்ட்டோவின் சொந்த மைதானமான ட்ராகாவில் யூரோ தொடக்க ஆட்டம். போர்ச்சுகலும் கிரீஸும். போர்ட்டோ கோலில் சீசன் முழுக்க நின்ற மனிதர் 23 பேர் பட்டியலிலேயே இல்லை. ஸ்போர்ட்டிங்கின் ரிக்கார்டோ, பிராகாவின் கிம், பென்ஃபிக்காவின் மொரேரா, இவர்கள் மூவர்தான் கீப்பர்கள்.

இதில் என்னால் ஜீரணிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. ஸ்கோலாரி போர்ச்சுகல் கோச்சாக இருந்த காலம் முழுவதும் பயீயாவை ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. அந்த சீசனுக்கான ஐரோப்பாவின் சிறந்த கிளப் கோல்கீப்பர் விருதை ஐரோப்பிய கால்பந்து அமைப்பான யூஃபா பயீயாவுக்குத்தான் கொடுத்தது. ஐரோப்பாவிலேயே சிறந்த கீப்பர், சொந்த நாட்டில் நான்காவது ஆளாகக்கூடத் தேறவில்லை. இதை நியாயப்படுத்த யாராவது இருக்கிறீர்களா?

ஆஃப்சைடு ஆறுமுகம்:

நான் இருக்கிறேன், தம்பி.

2002 உலகக் கோப்பைக்கு ரொமாரியோவைக் கூட்டிப் போகச் சொல்லி பிரேசிலே கத்தியது. அப்போது பிரேசில் கோச்சாக இருந்த ஸ்கோலாரி அசையவில்லை. போனார், கோப்பையோடு வந்தார். அந்த ஆளிடம் பெயரைக் காட்டி வேலை நடக்காது. தனக்குப் பிடித்த 23 பேரை வைத்து ஒரு குடும்பம் மாதிரி நடத்துவார், வெளியிலிருந்து யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். 2004லும் அதைத்தான் செய்தார். கால் இறுதியில் ரிக்கார்டோ என்ன செய்தார் என்று மறந்துவிட்டதா? இங்கிலாந்துக்கு எதிரான ஷூட்அவுட், 5-5. கிளவுஸைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்கையோடு நின்று டேரியஸ் வாசலின் பெனால்டியைத் தடுத்தார். அடுத்த உதைக்குத் தானே பந்தை எடுத்து வைத்து கோலும் அடித்தார். பயீயா இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

வலைக்காவலன்:

அண்ணே, பயீயா இருந்திருந்தால் ஆட்டம் ஷூட்அவுட் வரைக்கும் போயிருக்காது என்று நானும் சொல்லலாம். இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. தொடக்க ஆட்டத்தைப் பாருங்கள். 7ஆவது நிமிடம், பாவ்லோ ஃபெரெய்ரா பந்தைத் தவறாகக் கொடுத்தார். கராகூனிஸ் ஓடிவந்து பாக்ஸுக்கு வெளியிலிருந்தே தரையோடு தரையாக அடித்தார். கோல். அங்கே தொடங்கிய சரிவுதான் 2-1 தோல்வி.

கோவை கீப்பர்:

நான் லீக் அளவில் கீப்பிங் செய்தவன், அதனால் கொஞ்சம் மூக்கை நுழைக்கிறேன்.

அந்த கராகூனிஸ் கோலை ரிக்கார்டோ தலையில் கட்டுவது சரியில்லை. அது பந்தை விட்டவர் செய்த தவறு. என்னை உறுத்துவது இறுதி ஆட்டத்தின் கோல்தான். ஜூலை 4, லூஸ் மைதானம், 57ஆவது நிமிடம். வலப்பக்கத்திலிருந்து பாசினாஸ் கார்னர் எடுக்கிறார். ரிக்கார்டோ கோல்கோட்டிலிருந்து முன்னே வருகிறார். அதற்குள் காரிஸ்டியாஸ் எம்பி ஹெட்டர் அடித்துவிட்டார். கீப்பர் எல்லாருக்கும் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுப்பது இது: வெளியே வந்தால் பந்தைத் தொட்டே ஆக வேண்டும், தொட முடியாது என்று தோன்றினால் கோட்டிலேயே நில். பாதி வழியில் நிற்பதுதான் கொடுமை. அங்கே நின்றால் பந்தும் கிடைக்காது, கோலையும் காக்க முடியாது. ரிக்கார்டோ மாட்டியது அந்தப் பாதி வழியில். 2008 யூரோவில் ஜெர்மனியிடம் 3-2 தோற்ற ஆட்டத்திலும் க்ளோசும் பலாக்கும் அடித்தவை ஃப்ரீகிக்கில் வந்த ஹெட்டர்கள்தான். பலாக் கோலில் தள்ளுமுள்ளு இருந்தது உண்மை, அதை ரெஃப்ரி பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் நான்கு வருடம் கழித்து அதே பழைய வியாதி.

ஷூட்அவுட்டில் ரிக்கார்டோவை மிஞ்ச ஆள் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2006 உலகக் கோப்பை, மறுபடி இங்கிலாந்து, மறுபடி பெனால்டி. லாம்பார்ட், ஜெரார்ட், கேரகர், மூன்று பேரையும் தடுத்தார். உலகக் கோப்பை ஷூட்அவுட்டில் அதற்கு முன் எந்த கீப்பரும் மூன்று பெனால்டி தடுத்ததில்லை. கேரகர் விசில் அடிக்கும் முன்பே உதைத்து கோல் போட்டுவிட்டார், ரெஃப்ரி திரும்ப அடிக்கச் சொன்னார், அந்த இரண்டாவது உதை தடுக்கப்பட்டது. பாவம், அந்த மனிதர் அதற்காகத்தான் கூடுதல் நேரத்தில் மாற்று ஆட்டக்காரராக இறக்கப்பட்டார்.

ஆஃப்சைடு ஆறுமுகம்:

மேற்கோள்: “வெளியே வந்தால் பந்தைத் தொட்டே ஆக வேண்டும்”

கீப்பர் சார், அப்படியே 2003 செவியாவுக்கும் வாங்க. யூஃபா கோப்பை இறுதி ஆட்டம், போர்ட்டோவும் செல்டிக்கும். லார்சன் இரண்டு கோல், இரண்டும் ஹெட்டர், இரண்டாவது கார்னரில் வந்தது. கோலில் நின்றவர் யார்? உங்கள் பயீயா. டெர்லெய் 115ஆவது நிமிடத்தில் அடித்ததால் 3-2 என்று தப்பித்தார்கள். அதே செல்டிக் அதற்கு முந்தைய சுற்றில், அதாவது அரையிறுதியில், யாரிடம் திணறியது தெரியுமா? போர்ச்சுகலின் இன்னொரு கிளப்பான பொவிஸ்டாவிடம். அங்கே கீப்பர் ரிக்கார்டோ. கிளாஸ்கோவில் லார்சனின் பெனால்டியையே தடுத்தவர்.

கோவை கீப்பர்:

செவியாவில் முதல் ஹெட்டர் எதிர் மூலைக்கு வளைந்து போனது, அதை எவன் நின்றாலும் பிடித்திருக்க முடியாது. இரண்டாவதற்கு உங்களுக்கு ஒரு மார்க் தருகிறேன்.

நெய்தல்:

ஸ்கோலாரியைத் திட்டுவதும் தாங்குவதுமாகவே இழை போகிறது. பயீயாவின் கதையை முதலிலிருந்து பார்த்தால்தான் 2004 ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்ட்டோ நகரத்துக்கு எதிர்க்கரையில், டோரோ ஆறு கடலில் சேரும் இடத்தில் அஃபுராடா என்று ஒரு மீனவர் குடியிருப்பு இருக்கிறது. 1969 அக்டோபரில் அங்கே பிறந்தவர். பதின்ம வயதில் போர்ட்டோ இளையோர் அணிக்கு வந்தார். அப்போது போர்ட்டோவின் கீப்பர் போலந்துக்காரர் ம்வினார்ச்சிக், 1987ல் ஐரோப்பியக் கோப்பை வென்றவர். அவர் விலகுகிற காலத்தில் 20 வயதுகூட ஆகாத பயீயா உள்ளே வந்தார். அப்புறம் யாராலும் அசைக்க முடியவில்லை. 1990 டிசம்பரில் தேசிய அணி. 1996க்குள் ஐந்து லீக் பட்டம்.

1994ல் பாபி ராப்சன் போர்ட்டோவுக்கு கோச்சாக வருகிறார். அவரோடு மொழிபெயர்ப்பாளராக ஒரு இளைஞர். அவர்தான் மொரினியோ. 1996ல் ராப்சன் பார்சிலோனாவுக்குப் போனபோது மொரினியோவையும் கூட்டிக்கொண்டு போனார், பயீயாவையும் வாங்கச் சொன்னார். ஒரு கீப்பருக்கு அதுவரை யாரும் கொடுத்திராத தொகை. முதல் சீசன் மோசமில்லை. ஸ்பெயின் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பை இரண்டும் கிடைத்தன. லீகில் அந்த பார்சிலோனா 102 கோல் அடித்தும் இரண்டாவது இடம்தான். அவ்வளவு கோல் அடித்தும் பட்டம் போனால் ரசிகர்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வருடம் ராப்சன் போய் ஃபான் கால் வந்தார். கூடவே நெதர்லாந்துக்காரர் ரூட் ஹெஸ்ப் வந்தார். பயீயாவுக்குக் காயம், பெஞ்ச், மறுபடி பெஞ்ச். 1999 ஜனவரியில் ஊருக்கே திரும்பிவிட்டார். முதுகில் 99ஆம் எண். திரும்பிய கையோடு அந்த சீசன் லீக் பட்டம். அதற்குப் பிறகு முழங்கால் அவரை விடவில்லை. அறுவை சிகிச்சை, மறுபடி அறுவை சிகிச்சை. ஏறக்குறைய 2000-01 சீசன் முழுவதும் போய்விட்டது. அந்த இடைவெளியில் போர்ட்டோ கோலில் நின்றவர் ரஷ்யாவின் ஒவ்சின்னிகோவ். (வேடிக்கை என்னவென்றால், யூரோ 2004ல் போர்ச்சுகலுக்கு எதிரான ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய ரஷ்ய கீப்பரும் இவர்தான்.)

2002 ஜனவரியில் மொரினியோ போர்ட்டோவின் கோச். பார்சிலோனாவில் பயீயா நட்சத்திரமாக இருந்தபோது பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவர் இப்போது தலைவர். 2002 செப்டம்பரில் இருவருக்கும் முட்டிக்கொண்டது. கிளப் பயீயாவைத் தற்காலிகமாக நீக்கியது. நுனோ எஸ்பிரிட்டோ சாண்டோ கோலில் நின்றார், இன்று கோச்சாக எல்லாருக்கும் தெரிந்த அதே நுனோ. சில வாரத்தில் பயீயா திரும்பினார். அந்த சீசன் லீக், போர்ச்சுகல் கோப்பை, யூஃபா கோப்பை. அடுத்த சீசன் லீக், சாம்பியன்ஸ் லீக்.

என்னைப் பொறுத்தவரை பயீயா வாழ்க்கையின் மிகப் பெரிய சாதனை கெல்சன்கிர்ஷன் இல்லை. பார்சிலோனாவில் தோற்று, முழங்கால் உடைந்து, சொந்த கிளப்பாலேயே நீக்கப்பட்டு, 33 வயதில் மறுபடி முதலிடத்துக்கு வந்தாரே, அதுதான். அந்த நேரத்தில் தேசிய அணிக் கதவு சாத்தப்பட்டது.

டியோகோ ரசிகன்:

நெய்தல் அண்ணா, அருமை. எனக்கு 99 என்றால் டியோகோ கோஸ்டா மட்டும்தான் தெரியும். அவரும் போர்ட்டோ, அவருக்கும் 99. யூரோ 2024ல் ஸ்லோவேனியாவுக்கு எதிராக மூன்று பெனால்டியையும் தடுத்தாரே, அப்போது டிவியில் ரிக்கார்டோ பெயரைச் சொன்னது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

கோவை கீப்பர்:

அதில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது தம்பி. ரிக்கார்டோ மூன்று தடுத்தது 2006 ஜூலை 1. டியோகோ கோஸ்டா மூன்று தடுத்தது 2024 ஜூலை 1. கூடுதல் நேரத்தில் ஷெஷ்கோ தனியாக வந்தபோது காலால் தடுத்தாரே, அது மூன்று பெனால்டியையும்விடக் கடினமானது. பெனால்டியில் கீப்பர் தோற்றால் யாரும் திட்டமாட்டார்கள், அங்கே தோற்றிருந்தால் போர்ச்சுகல் வீட்டுக்குப் போயிருக்கும்.

மழைக்கால ரசிகை:

எல்லாரும் 2004ஐப் பற்றிப் பேசுகிறீர்கள், 2002ஐ ஒருவரும் தொடவில்லையே?

2002 உலகக் கோப்பைக்கு முன்பு போர்ச்சுகல் கோலில் நின்றுகொண்டிருந்தவர் ரிக்கார்டோ. 2000-01ல் பொவிஸ்டா லீக் வென்றபோது அவர்தான் கீப்பர். பென்ஃபிக்கா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங் மூன்றைத் தவிர வேறு ஒரு கிளப் பட்டம் வாங்கியது 1946க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அப்படிப்பட்ட ஆளை கொரியாவுக்குக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, முழங்கால் காயத்திலிருந்து அப்போதுதான் மீண்ட பயீயாவை கோச் ஒலிவெய்ரா இறக்கினார்.

சுவோனில் அமெரிக்காவுடன் முதல் ஆட்டம். 4ஆவது நிமிடம் கார்னர். மெக்பிரைட் ஹெட்டரை பயீயா தட்டிவிட்டார், பந்து ஓபிரையன் காலடியில் விழுந்தது, கோல். 29ல் டானவன் கொடுத்த கிராஸ் ஜோர்ஜ் கோஸ்டா மேல் பட்டு பயீயாவைத் தாண்டி உள்ளே போனது. 36ல் மெக்பிரைட் பாய்ந்து ஒரு ஹெட்டர். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம், 3-0. பிறகு 3-2 வரை வந்தார்கள், போதவில்லை. போலந்தை 4-0 அடித்தார்கள், கொரியாவிடம் 1-0 தோற்று முதல் சுற்றிலேயே ஊருக்குத் திரும்பினார்கள். ஃபிகோ, ரூயி கோஸ்டா, பவ்லெட்டா எல்லாரும் இருந்த அணி.

மூன்று ஆட்டத்தையும் ரிக்கார்டோ பெஞ்சிலிருந்தே பார்த்தார். பழைய பெயருக்காக ஃபார்மில் இருப்பவரை ஒதுக்கினால் என்ன ஆகும் என்று போர்ச்சுகலுக்கு ஏற்கெனவே ஒரு பாடம் கிடைத்திருந்தது. அதற்கு சில மாதம் கழித்து வந்த ஸ்கோலாரி எந்த முடிவெடுத்தார் என்று பாருங்கள். ரிக்கார்டோவுக்கு நடந்த அநியாயத்துக்கு இங்கே யாரும் இழை திறக்கவில்லை.

ஆஃப்சைடு ஆறுமுகம்:

ரசிகை அம்மா, கைகொடுங்கள்!

வலைக்காவலன்:

2002 பற்றி ரசிகை சொன்னதில் மறுக்க எதுவும் இல்லை. ஒலிவெய்ரா செய்தது தவறு. ஆனால் அந்த வாதம் என் பக்கம்தான் வந்து நிற்கிறது. ஃபார்மில் இருப்பவர் ஆட வேண்டும் என்பதுதானே 2002 சொல்லிக்கொடுத்தது? 2004ல் ஃபார்மில் இருந்தது யார்? அடுத்தடுத்து இரண்டு வருடம் ஐரோப்பிய இறுதி ஆட்டம் ஆடி இரண்டையும் வென்றவர். ஒரு வருட ஃபார்மை இன்னொரு வருடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்றால், 2002ன் கெட்ட பெயரையும் 2004க்குக் கொண்டுபோகக் கூடாது.

இன்னொன்று. தொடக்க ஆட்டத்தில் தோற்றதும் ஸ்கோலாரி என்ன செய்தார்? ரிக்கார்டோ கர்வாலியோ, நுனோ வலென்ட்டே, டெக்கோ மூவரையும் உள்ளே கொண்டுவந்தார். கோஸ்டின்யா, மனிஷ் ஏற்கெனவே இருந்தார்கள். ஐந்து பேர், ஐந்து பேரும் போர்ட்டோ. அதாவது மொரினியோ கட்டிய சுவரையும் நடுக்களத்தையும் அப்படியே தூக்கி வைத்துக்கொண்டார், அதன் பின்னால் நின்று கத்தி ஒழுங்குபடுத்திய ஆள் மட்டும் வேண்டாமாம். கர்வாலியோவும் பயீயாவும் ஒருவர் சத்தத்துக்கு ஒருவர் பழகியவர்கள். இறுதி ஆட்டத்தின் அந்தக் கார்னரில் இந்தப் பழக்கம் எவ்வளவு உதவியிருக்கும் என்று கீப்பர் சாரே சொல்லட்டும்.

கோவை கீப்பர்:

நிறைய உதவியிருக்கும். ‘எனக்கு’ என்று கீப்பர் கத்தினால் டிஃபெண்டர் ஒதுங்க வேண்டும், ‘வெளியே’ என்றால் அடித்துத் தள்ள வேண்டும். அந்தச் சத்தம் கால் வினாடி தாமதமானாலும் இரண்டு பேரும் நின்றுவிடுவார்கள். தேசிய அணிக்கு ஆண்டுக்குப் பத்து ஆட்டம் இருந்தால் அதிகம், அதற்குள் இந்தப் புரிதல் வருவது கஷ்டம். கிளப்பில் தினமும் பயிற்சி செய்தவர்களுக்கு அது தானாக வரும். ஆனால் ஸ்கோலாரி பக்கம் நின்று பார்த்தால், ஒன்றரை வருடமாக அவர் கட்டியது ரிக்கார்டோவைச் சுற்றித்தான். போட்டிக்கு மூன்று வாரம் முன்பு கீப்பரை மாற்றுகிற கோச் யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

டியோகோ ரசிகன்:

சரி, மாற்ற வேண்டாம். ரிக்கார்டோவே ஆடட்டும். பயீயாவை இரண்டாவது கீப்பராகவாவது எடுத்திருக்கலாமே? கிம்மும் மொரேராவும் அந்தப் போட்டியில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லையே.

நெய்தல்:

தம்பி சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். எனக்குத் தெரிந்து இந்தப் பிரச்சினையின் முடிச்சே அதுதான்.

போர்ட்டோ கிளப் தலைவர் பின்டோ ட கோஸ்டாவுக்கும் ஸ்கோலாரிக்கும் ஆகாது, அதனால்தான் என்பார்கள் சிலர். 2002ல் மொரினியோவோடு முட்டியதால் ஒழுங்கு இல்லாதவர் என்று முத்திரை விழுந்தது என்பார்கள் சிலர். வடக்கு, தெற்கு, போர்ட்டோ, லிஸ்பன் அரசியல் என்பார்கள். ஐந்து போர்ட்டோக்காரர்களை வைத்து ஆடிய கோச்சை போர்ட்டோ விரோதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லாரும் ஒத்துக்கொள்கிற மாதிரி ஒரு காரணம் இன்றுவரை வெளியே வரவில்லை.

என் யூகம் வேறு. பயீயா நன்றாக ஆடுவார் என்பது ஸ்கோலாரிக்கும் தெரியும். கஷ்டம் என்னவென்றால், பயீயாவை எடுத்தால் முதல் கீப்பராகத்தான் எடுக்க முடியும். ஐரோப்பிய சாம்பியன், முன்னாள் கேப்டன், 80 சர்வதேச ஆட்டம். அவரைப் பெஞ்சில் உட்காரவைத்தால் ரிக்கார்டோ ஒரு கிராஸை விட்டதும் டிவி கேமரா எங்கே போகும்? மைதானம் யார் பெயரைக் கத்தும்? அதுவும் தொடக்க ஆட்டம் ட்ராகாவில். கிம்மையும் மொரேராவையும் எடுத்தால் ரிக்கார்டோ திரும்பிப் பார்க்காமல் ஆடுவார். அப்படிப் பார்த்தால் வாசலின் பெனால்டிக்கு முன்னால் கிளவுஸைக் கழற்றும் தைரியம் ரிக்கார்டோவுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கும் பாதி பதில் கிடைக்கிறது.

இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. கோச்சின் கணக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்கிறேன்.

மழைக்கால ரசிகை:

இந்தக் கணக்கை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், நெய்தல். இரண்டே வருடத்தில் ஜெர்மனி இதைப் பொய்யாக்கிக் காட்டியது. 2006 உலகக் கோப்பை அவர்கள் நாட்டில். போட்டிக்கு இரண்டு மாதம் முன்பு க்ளின்ஸ்மன் ‘லேமன்தான் முதல் கீப்பர்’ என்று அறிவித்தார். ஒதுக்கப்பட்டவர் ஆலிவர் கான். 2002 உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர், கேப்டனாகவும் இருந்தவர். பயீயாவைவிடப் பெரிய பெயர். கான் பெஞ்சில் உட்கார்ந்தார். அர்ஜென்டினா ஷூட்அவுட்டுக்கு முன்பு லேமனிடம் போய்க் கைகொடுத்தார். வீடு இடிந்து விழவில்லை.

ஸ்கோலாரிக்கு அந்தத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான். முதல் கீப்பருக்கு நெருக்கடி வரும் என்று பயந்து சிறந்த ஆளை வீட்டில் விட்டால், முதல் கீப்பர் மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். நான் ரிக்கார்டோ ரசிகை, அதனால்தான் கோபம் வருகிறது. பயீயா பெஞ்சில் இருந்தும் ரிக்கார்டோ ஆடியிருந்தால் இன்றைக்கு இப்படி ஒரு இழையே தேவைப்பட்டிருக்காது.

நெய்தல்:

லேமன் - கான் நல்ல எதிர்வாதம். மறுக்க உடனே ஒன்றும் தோன்றவில்லை. கானுக்கு அந்த உலகக் கோப்பையில் ஒரு ஆட்டம் கிடைத்தது, மூன்றாம் இடத்துக்கான ஆட்டம், ஸ்டுட்கார்ட். ஜெர்மனி 3, போர்ச்சுகல் 1. எதிர் கோலில் நின்றவர் ரிக்கார்டோ, எதிர் பெஞ்சில் ஸ்கோலாரி.

ஆஃப்சைடு ஆறுமுகம்:

அந்த ஆட்டத்தை ஏன் கிளறுகிறீர்கள், ஷ்வைன்ஸ்டைகர் தனியாளாக ரிக்கார்டோவை வதம் செய்தது. விடுங்கள். பயீயா அதற்குப் பிறகு என்ன ஆனார்?

நெய்தல்:

2004 டிசம்பரில் யோகோஹாமாவில் இன்டர்கான்டினென்டல் கோப்பை, கொலம்பியாவின் ஒன்ஸ் கால்டாசுடன். கோல் இல்லாமல் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் பயீயாவுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி வெளியே போக வேண்டியதாயிற்று. நுனோ உள்ளே வந்தார். ஷூட்அவுட்டில் 8-7 என்று போர்ட்டோ வென்றது. பயீயா குணமாகி மறுபடி ஆடினார். 2005-06ல் பிரேசிலின் ஹெல்ட்டன் இடத்தைப் பிடித்தார், 2007ல் பயீயா ஓய்வு. மொத்தம் பத்து லீக் பட்டம், எல்லாம் போர்ட்டோவுக்கு. பிறகு 2020 முதல் 2024 வரை கிளப்பின் துணைத் தலைவர். தேர்தலில் பின்டோ ட கோஸ்டா வில்லாஸ் போவாஸிடம் தோற்றதும் அந்தப் பதவியும் போனது.

வலைக்காவலன்:

ஒரு எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுப் போகிறேன். சர்வதேச ஆட்டங்கள் பயீயாவுக்கு 80. ஸ்கோலாரி இடைவிடாமல் இறக்கிய ரிக்கார்டோவுக்கு 79. பின்னால் வந்த ரூயி பட்ரீசியோ நூறைத் தாண்டி இருவரையும் மிஞ்சிவிட்டார்.

ஆஃப்சைடு ஆறுமுகம்:

பட்ரீசியோவிடம் யூரோ 2016 கோப்பை இருக்கிறது தம்பி, உங்கள் பயீயாவிடமும் என் ரிக்கார்டோவிடமும் அது இல்லை. பாரிஸ் இறுதி ஆட்டத்தில் கிரீஸ்மனின் ஹெட்டரைத் தட்டிவிட்டாரே, அதைப் பேச ஒரு தனி இழை திறங்கள், நான் வருகிறேன்.